வீட்டு வைஃபையும் நெட்காரர் லாகினும்: ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். பாதிக்கு மேல் கேபிள் டிவி கொடுப்பவரிடமே நெட்டும் வாங்குகிறார்கள். மொட்டை மாடியில் ஒரு பெட்டி, அங்கிருந்து வீட்டுக்கு ஒரு கேபிள், உள்ளே அவரவர் வாங்கி வைத்த ரவுட்டர். மற்ற வீடுகளில் ஃபைபர். யாராவது புது போன் வாங்கினாலும், பிளான் முடிந்து ரீசார்ஜ் செய்தாலும், எங்கள் வீட்டுக் காலிங் பெல் அடிக்கும். ஆள்தான் வேறு, கேள்வி அதேதான். அதனால் எல்லாவற்றையும் அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். மெனு பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

“பாஸ்வேர்டுன்னு மூணு எழுதிக் குடுத்திருக்காங்க தம்பி. போன்ல எதைப் போடணும்?”

போனில் வைஃபை பெயரைத் தொட்டதும் கேட்பது வைஃபை பாஸ்வேர்டு. அது உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையில் மட்டும் உள்ள சமாச்சாரம். குறைந்தது 8 எழுத்து இருக்கும். யாரும் மாற்றாமல் இருந்தால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருப்பார்கள். இரண்டாவது, நெட் கொடுப்பவர் தந்த யூசர்நேமும் பாஸ்வேர்டும். மாதக் கட்டணம் இந்த யூசர்நேமில்தான் கணக்காகிறது. மூன்றாவது, ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறப்பதற்கான அட்மின் பாஸ்வேர்டு.

மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள், ஆனால் எது எதற்கு என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். கீழ் வீட்டு அக்கா நெட்காரர் தந்த பாஸ்வேர்டையே இரண்டு நாளாக வைஃபைக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, போன்தான் கெட்டுவிட்டது என்று கடைக்குக் கிளம்பிவிட்டார். தட்டும்போது பெட்டிக்கு ஓரத்தில் உள்ள கண் குறியைத் தொட்டால் எழுத்துகள் தெரியும். முதல் எழுத்தைக் கீபோர்டு தானாகப் பெரிய எழுத்தாக்கிவிட்டதா என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.

“வைஃபை கோடு ஃபுல்லா காட்டுது. ஆனா ஒண்ணுமே திறக்கல. ஏன்?”

மொட்டை மாடி டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். டேங்க்கிலிருந்து சமையலறைக் குழாய்க்கு வரும் பைப் நன்றாக இருக்கிறது, ஆனால் டேங்க்குக்கே தண்ணீர் ஏறவில்லை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். போனில் தெரியும் கோடுகள் டேங்க்குக்கும் குழாய்க்கும் இடையில் உள்ள பைப்பைப் பற்றி மட்டும் சொல்கின்றன. ரவுட்டருக்கு வெளியிலிருந்து நெட் வருகிறதா என்பது அந்தக் கோட்டில் தெரியாது. நெட் வரவில்லை என்றால் ஆண்ட்ராய்டு அந்தக் குறியின் ஓரத்தில் ஒரு சின்ன ஆச்சரியக்குறி போடும், அல்லது வைஃபை பெயருக்குக் கீழே ‘நோ இன்டர்நெட்’ என்று காட்டும்.

அப்போது போனை விட்டுவிட்டு ரவுட்டர் விளக்குகளைப் பாருங்கள். உலக உருண்டை போட்ட விளக்கு அணைந்திருந்தாலோ சிவப்பாக இருந்தாலோ டேங்க் காலி. ஃபைபர் வீடாக இருந்தால் ‘லாஸ்’ என்று எழுதிய விளக்கையும் கவனியுங்கள். அது சிவப்பாக எரிந்தால் ஃபைபர் வழியாக வெளிச்சமே வந்து சேரவில்லை என்று பொருள். வயர் எங்கோ அறுந்திருக்கும், அல்லது மடங்கியிருக்கும். எந்தப் பாஸ்வேர்டைப் போட்டாலும் அது சரியாகாது, நெட்காரரைத்தான் கூப்பிட வேண்டும். சிவப்பு இல்லை, ஆனாலும் நெட் இல்லை என்றால் முதலில் பிளான் முடிந்த தேதியைப் பாருங்கள். எங்கள் குடியிருப்பில் நான் போய்ப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இதில்தான் முடிந்தன.

“எங்க வைஃபை பேருக்குப் பின்னால 5ஜின்னு ஒண்ணு வருது. அது சிம் கார்டு 5ஜியா?”

இல்லை. ஒரே ரவுட்டர் இரண்டு அலைவரிசையில் வைஃபை கொடுக்கிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். பெயரில் உள்ள 5ஜி அந்த இரண்டாவதைக் குறிக்கிறது. அது வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழக்கும். ஹாலில் ரவுட்டர் இருந்தால் ஹாலுக்கு 5, பின்கட்டு அறைக்கு 2.4. பழைய போன்கள் சிலவற்றுக்கு 5 கண்ணுக்கே தெரியாது. இரண்டில் எதில் சேர்ந்தாலும் நெட்காரர் லாகின் ஒன்றுதான்.

“பக்கத்து வீட்ல யூசர்நேம் எதுவும் கேக்கறதில்லையே. எங்க வீட்ல மட்டும் ஏன் லாகின் பண்ணச் சொல்லுது?”

நெட் கொடுப்பவர் உங்களை அடையாளம் காண இரண்டு வழிகள் அதிகம் புழக்கத்தில் உள்ளன. ஒன்று பிபிபிஓஇ. டயல்-அப் காலத்து லாகின் முறையை ஈதர்நெட் கேபிளுக்குப் பொருத்தி 1999ல் வகுத்தது இது. இதில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் ரவுட்டருக்குள்ளேயே பதிந்திருக்கும். மின்சாரம் போய் வந்தாலும் ரவுட்டர் தானே லாகின் செய்துகொள்ளும். பக்கத்து வீட்டில் இதுவாக இருக்கலாம். நெட்காரர் முதல் நாளே போட்டுவிட்டுப் போயிருப்பார், அவர்களுக்கு யூசர்நேம் இருப்பதே தெரியாது.

இன்னொன்று வெப் லாகின். கேபிளில் நெட் வரும், ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நெட்காரரின் லாகின் பக்கமே வந்து நிற்கும். அதில் யூசர்நேம் போட்ட பிறகுதான் மற்றவை திறக்கும். ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் வைஃபை எடுக்கும்போது ஒரு பக்கம் வந்து போன் நம்பர் கேட்குமே, அதே ஏற்பாடு. இவை இரண்டும் இல்லாமல், கொடுத்த ஃபைபர் பெட்டியையே அடையாளமாக வைத்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. அங்கே லாகின் என்ற பேச்சே இல்லை.

ஆண்ட்ராய்டின் வைஃபை செட்டிங்ஸில் பிபிபிஓஇ யூசர்நேம் போடுவதற்கென்று இடமே கிடையாது. அதைப் போனில் தேடி அலையாதீர்கள், அது ரவுட்டருக்குள் போட வேண்டியது.

“லாகின் பக்கம் தானா வரும்னு சொன்னாங்க. வரவே மாட்டேங்குதே?”

அது எப்படித் தானாக வருகிறது என்று தெரிந்தால் ஏன் வரவில்லை என்பதும் புரியும். வைஃபையில் சேர்ந்தவுடன் ஆண்ட்ராய்டு போன் கூகுளின் ஒரு சின்ன முகவரியைத் தட்டிப் பார்க்கிறது. அங்கிருந்து 204 என்ற எண்ணோடு, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பதில் வர வேண்டும். வந்தால் நெட் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக நெட்காரரின் பக்கம் வந்து நின்றால், லாகின் தேவை என்று புரிந்துகொண்டு ‘சைன் இன் டு வைஃபை நெட்வொர்க்’ என்று மேலே ஒரு நோட்டிஃபிகேஷன் காட்டும். அதைத் தெரியாமல் தள்ளிவிட்டிருந்தால், வைஃபையை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். திரும்ப வரும்.

அப்படியும் வரவில்லையா? மொபைல் டேட்டாவை ஆஃப் செய்யுங்கள். லாகின் பக்கம் வரவில்லை என்று நான் போய்ப் பார்த்த வீடுகளில் முக்கால்வாசி இதனாலேயே சரியாகியிருக்கிறது. வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்ததும் போன் சத்தமில்லாமல் சிம் வழியாகப் போய்விடுகிறது. நெட்காரரின் லாகின் பக்கமோ பல இடங்களில் அவருடைய நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் திறக்கும். சிம் வழியாகப் போனால் அது கிடைக்காது.

அடுத்தது, பிரவுசரில் கூகுள், யூடியூப் என்று தட்டிப் பார்ப்பது. அவை எல்லாம் எச்டிடிபிஎஸ், பூட்டுப் போட்ட முகவரிகள். நடுவில் யாரும் திருப்பிவிட முடியாதபடி கட்டியவை. அதனால் லாகின் பக்கம் வராது, ‘யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்’ என்ற பயமுறுத்தல்தான் வரும். பூட்டில்லாத ஒரு முகவரியைத் தட்டினால்தான் திருப்பிவிட வழி உண்டு. இதற்கென்றே நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஒரு பக்கம் இருக்கிறது. நெட்காரரிடம் லாகின் பக்கத்தின் நேரடி முகவரியைக் கேட்டு, முதல் கேள்வியில் சொன்ன அந்தத் தாளிலேயே எழுதிவைப்பது இன்னும் நல்லது.

“விளம்பரம் வராம இருக்க பையன் போன்ல என்னமோ போட்டுக் குடுத்தான். அதிலிருந்து லாகின் பக்கம் திறக்கல.”

அநேகமாக பிரைவேட் டிஎன்எஸ். இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவைதான் டிஎன்எஸ். 2018ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இது இருக்கிறது. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் பிரைவேட் டிஎன்எஸ் என்று தட்டினால் வந்துவிடும். ஆஃப், ஆட்டோமேட்டிக், ஒரு சர்வர் பெயர் என மூன்று தேர்வுகள். சர்வர் பெயர் போட்டிருந்தால், போன் எந்த முகவரியையும் அந்த சர்வரிடம் மட்டுமே விசாரிக்கும். லாகின் ஆகாமல் அந்த சர்வரை எட்ட முடியாது, சர்வரை எட்டாமல் பிரவுசரில் லாகின் பக்கம் திறக்காது. ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றி, லாகின் செய்துவிட்டு, வேண்டுமானால் பழையபடி வைத்துக்கொள்ளுங்கள். பையனைத் திட்ட வேண்டாம், அவன் போட்டது நல்ல விஷயம்தான்.

போனின் நெட்டை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் ஆப் இருந்தாலும் இதே கதை. லாகின் முடியும்வரை அணைத்து வையுங்கள்.

“நான் லாகின் பண்ணா என் போன்ல மட்டும் வருது. வீட்டுக்காரர் பண்ணா எனக்கு கட் ஆயிடுது. ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு போன்தானா?”

இல்லவே இல்லை. இதைக் கேட்ட வீட்டில் நான்கு பேர், நான்கு போன். ஆறு மாதமாக முறை வைத்து நெட் பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பாடம் அனுப்பும் நேரத்தில் அப்பா லாகினை விட்டுக்கொடுப்பாராம். கேட்டபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. போய் டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். மாடியிலிருந்து வரும் கேபிள், ரவுட்டரில் 1 என்று எழுதிய மஞ்சள் துளையில் செருகியிருந்தது. தள்ளித் தனியாக இருந்த நீலத் துளை தூசி படிந்து காலியாக இருந்தது. ரவுட்டர் ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறையில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த முறையில் ரவுட்டர் வெறும் சந்தி. வீட்டுப் போன்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நெட்காரர் கண்ணில் படும். அவர் ஒரு யூசர்நேமுக்கு ஒரு கருவி என்று வைத்திருந்தால், இரண்டாவது போன் லாகின் செய்ததும் முதல் போன் வெளியே போகும். ரவுட்டர் முறையில் வைத்தால் நெட்காரருக்குத் தெரிவது ரவுட்டர் ஒன்று மட்டுமே, அதன் பின்னால் எத்தனை போன் இருந்தாலும் சரி. ஏதாவது ஒரு போனிலிருந்து லாகின் செய்தால் போதும், வீடு முழுக்க வந்துவிடும்.

செட்டிங்ஸில் ‘ஆப்பரேஷன் மோட்’ என்பதை ரவுட்டர் என்று மாற்றி, போன்களுக்குத் தானாக ஐபி எண் கொடுக்கும் டிஎச்சிபி ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, கேபிளைத் தனியாக இருக்கும் நீலத் துளைக்கு, அதாவது வெளியிலிருந்து நெட் நுழையும் ‘வேன்’ துளைக்கு மாற்றினேன். கால் மணி நேர வேலை. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் துளைக்கு மேல் உள்ள எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

“ரவுட்டர் செட்டிங்ஸுக்கு கம்ப்யூட்டர் வேணுமா? போன்லயே போக முடியாதா?”

போனே போதும். அந்த வைஃபையில் சேர்ந்து, மேலே சொன்னபடி மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொடுங்கள். அதில் ‘கேட்வே’ அல்லது ‘ரவுட்டர்’ என்று ஓர் எண் இருக்கும். 192.168.1.1, 192.168.0.1 ஆகியவை அதிகம். அதை அப்படியே பிரவுசரில் தட்டினால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். வெளியில் நெட் இல்லாதபோதும் இந்தப் பக்கம் திறக்கும், ஏனென்றால் இது டேங்க்குக்கும் குழாய்க்கும் இடையில் நடக்கும் வேலை. ஓர் எச்சரிக்கை: எதையும் மாற்றும் முன் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். ரவுட்டரின் பின்னால் உள்ள ரீசெட் ஓட்டையில் ஊசி வைத்து அழுத்தாதீர்கள். பதிந்து வைத்த பிபிபிஓஇ யூசர்நேமும் சேர்ந்து அழிந்துவிடும்.

“‘ஆப்டெய்னிங் ஐபி அட்ரஸ்’னு சுத்திக்கிட்டே இருக்கு, கனெக்ட் ஆகல.”

போன் தனக்கு ஒரு வீட்டு எண் கேட்கிறது, யாரும் கொடுக்கவில்லை. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் போனில் அந்த வைஃபையை ‘ஃபர்கெட்’ கொடுத்து மறுபடி சேருங்கள், ஐபி செட்டிங்ஸ் ‘ஸ்டாட்டிக்’ என்று இருந்தால் ‘டிஎச்சிபி’ ஆக்குங்கள். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் பழைய போன் மட்டும் சேர மறுத்தால், ரவுட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கலாம். ஆண்ட்ராய்டு 10 முதல்தான் போனுக்கு அது தெரியும். ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’ என்று இரண்டும் கலந்த தேர்வுக்கு மாற்றுங்கள்.

“புது போன் வாங்கினதிலிருந்து நெட்காரர் ‘உங்க மேக் அட்ரஸ் வேற காட்டுது’ங்கறார். அப்படின்னா?”

ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே ஓர் எண் பதிந்து வரும், அது மேக் அட்ரஸ். சில நெட்காரர்கள் யூசர்நேமோடு அந்த எண்ணையும் முடிச்சுப் போட்டு வைப்பார்கள். 2019ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், கடைகளும் நிறுவனங்களும் நம்மைப் பின்தொடராமல் இருக்க, ஒவ்வொரு வைஃபைக்கும் போன் ஒரு புனை எண்ணைக் காட்டுகிறது. வைஃபையின் பெயரை மாற்றினால் அந்த எண்ணும் மாறும். வைஃபை பெயருக்குப் பக்கத்துப் பல்சக்கரத்தைத் தொட்டு, ‘பிரைவசி’ அல்லது ‘மேக் அட்ரஸ் டைப்’ என்பதில் போனின் சொந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. வீட்டு வைஃபைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள், வெளியிடங்களில் புனை எண்ணே இருக்கட்டும்.

ஆனால் உங்கள் போனின் எண் நெட்காரருக்குத் தெரிகிறது என்றாலே, நான்கு போன் வீட்டில் பார்த்த ஆக்சஸ் பாயின்ட் முறைதான் உங்கள் வீட்டிலும் ஓடுகிறது என்று பொருள். முதலில் அதைச் சரிசெய்தால் போனின் எண் அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே வராது.

“பழைய ரவுட்டர் போயிடுச்சு. புதுசு வாங்கி மாட்டினா வைஃபை வருது, நெட் வரல.”

மேலே சொன்ன அதே முடிச்சு, இம்முறை ரவுட்டரின் எண்ணோடு. நெட்காரரைக் கூப்பிட்டு, ‘புது ரவுட்டர் மாத்திட்டேன், பழைய மேக்கை எடுத்துவிடுங்க’ என்று சொன்னால் அவர் அங்கிருந்தே விடுவித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை, போன் எடுக்கவில்லை என்றால், புது ரவுட்டரில் ‘மேக் குளோன்’ என்று ஒரு வசதி இருக்கும். பழைய ரவுட்டரின் ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அதில் போட்டுப் பாருங்கள். சில ரவுட்டர்களில் ஸ்டிக்கர் எண்ணுக்கும் வேன் துளையின் எண்ணுக்கும் கடைசி எழுத்து ஒன்று கூடக் குறைய இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பிபிபிஓஇ வீடாக இருந்தால், செட்டிங்ஸில் இன்டர்நெட் வகையை ‘டைனமிக் ஐபி’யிலிருந்து ‘பிபிபிஓஇ’க்கு மாற்றி யூசர்நேம், பாஸ்வேர்டு போட வேண்டும். ஃபைபரில் சில நிறுவனங்களுக்கு ‘விலான் ஐடி’ என்ற எண்ணும் தேவை. அதை ஊகிக்க முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

“லாகின் பக்கம் மாதிரியே ஒண்ணு வந்து ஓடிபி கேக்குது. குடுக்கலாமா?”

லாகினுக்கு வேண்டியது நெட்காரர் தந்த யூசர்நேமும் பாஸ்வேர்டும். பதிவு செய்த போன் நம்பருக்கு ஓடிபி அனுப்பி உள்ளே விடும் நிறுவனங்களும் உண்டு, ஆனால் அந்த எஸ்எம்எஸ்ஸில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். வங்கிப் பெயரில் ஓடிபி வந்தாலோ, கார்டு நம்பரோ யூபிஐ பின்னோ கேட்டாலோ அப்படியே மூடிவிடுங்கள். பிளான் முடிந்த நாளில் ‘ரீசார்ஜ் செய்ய இங்கே தொடவும்’ என்று வரும் எஸ்எம்எஸ் லிங்க்கைத் தொடாமல், நிறுவனத்தின் ஆப்பிலோ கேபிள்காரரிடம் நேரிலோ கட்டுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே நிறுத்த முடியும்.

“லாகின் ஆச்சு, நெட் வருது. ஆனா சில ஆப் மட்டும் திறக்குது, சிலது சுத்திக்கிட்டே இருக்கு. இது என்ன?”

முதலில் போனின் தேதியும் நேரமும் சரியா பாருங்கள். பேட்டரி முழுக்கத் தீர்ந்து எழுந்த போனில் தேதி தவறியிருந்தால் பூட்டுப் போட்ட பக்கங்கள் எதுவும் திறக்காது.

தேதி சரி, வீட்டில் எல்லாப் போனிலும் இதே தொல்லை, இணைப்பு பிபிபிஓஇ என்றால் ‘எம்டியு’வைப் பாருங்கள். கேபிளில் ஒரு முறைக்குப் போகும் தகவல் பொட்டலத்தின் வழக்கமான அளவு 1500 பைட். பிபிபிஓஇ தன் முத்திரைக்கு 8 பைட் எடுத்துக்கொள்கிறது, மீதி 1492. ரவுட்டரில் அது 1500 என்று இருந்தால் சின்னப் பொட்டலங்கள் போய்ச் சேரும், பெரியவை வழியில் தங்கிவிடலாம். வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், வங்கி ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும். எதிர் பிளாக்கில் ஒரு தாத்தா பென்ஷன் விவரம் பார்க்க முடியாமல் ஒரு மாதமாகப் பேரன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவந்தார். அவர் ரவுட்டரின் வேன் பக்கத்தில் 1500 என்பதை 1492 ஆக்கி, சேவ் கொடுத்து, ரவுட்டர் எழுந்து வரும்வரை இரண்டு நிமிடம் இருவரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சை வந்ததும் ஆப்பைத் திறந்தார், திறந்துவிட்டது.